பதினேழாம் கட்டிலுக்கு ஓர் ஆதாரம்

"குடலிறக்க ஆபரேஷன் ஆனவன் படுத்தே கிடக்கணுமா, நடக்கலாமா? எனக்கு ஆதாரம் வேணும், மிக்கேல். நாளைக்குள்ள!"

டாக்டர் ஞானசேகரன் போனை வைத்துவிட்டார். 1964 மழைக்காலத்தில், பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றின் நூலகக் குமாஸ்தா மிக்கேல்ராஜுக்குத் தலைவலி இப்படித்தான் ஆரம்பித்தது.

பதினேழாம் கட்டில் பூதத்தானுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. மூன்று வாரம் படுத்தால் அங்கே வேறு ஆள் வந்துவிடுவான்; எழுந்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று டாக்டருக்குப் பயம்.

மிக்கேல்ராஜ் சாப்பாட்டை மறந்து, தலையணைக் கனத்தில் இருந்த மருத்துவக் கட்டுரை அட்டவணைகளைப் புரட்டி, ஓர் அமெரிக்கக் கட்டுரையைப் பிடித்தார்.

"ரெண்டாம் நாளே நடக்கலாமாம், டாக்டர்!"

"நடக்கட்டும்."

டாக்டர் வார்டுக்குப் போகவில்லை, சீட்டுதான் போனது. பதினேழாம் கட்டில் வராந்தாவில் எட்டு முறை நடந்தது. சாயங்காலம் இடுப்பு வலி.

"என்னய்யா கட்டுரை இது? வேற தேடு!"

அடுத்து ஜெர்மன் கட்டுரை: இருபத்தொரு நாள் அசையக்கூடாது. அசையாமல் கிடந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாவது, சாய்ந்து உட்காரச் சொன்னது. அந்தச் சீட்டோடு மிக்கேல்ராஜே வார்டுக்குப் போனார்.

"ஏன் சாப், ஒரு மனுசனை ஆராமாக் கெடக்க விட மாட்டியளா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. மறுநாள் கழுத்துச் சுளுக்கு.

டாக்டர் மேஜையைத் தட்டினார். "மூணு கட்டுரை, மூணு வலி! உலகத்துல ஒருத்தனும் ஒழுங்கா ஆராயலை. நாமே எழுதுவோம். டைப் அடி!"

நடந்தால் இடுப்பு, படுத்தால் முதுகு, உட்கார்ந்தால் கழுத்து. பன்னிரண்டு பக்கம். முடிவு: தோல் தொழிலாளியின் உடல்வாகே தனி. கடைசிப் பக்கத்தில் 'நன்றி: மிக்கேல்ராஜ்' என்று குமாஸ்தா தன் பெயரையும் தானே டைப் அடித்துக்கொண்டார். லண்டன் இதழுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய கையோடு, நோயாளியிடம் சொல்ல ஓடினார்.

கட்டில் காலி. வார்டு ஆயா சேசம்மாள் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்.

"ஆயாம்மா, பூதத்தான் எங்க? அவர் வலியெல்லாம் லண்டனுக்குப் போயிருக்கு!"

"அவனுக்கு ஏதுய்யா வலி? ஆபரேஷன் ஆன நாலாம் நாளே வேலைக்குப் போயிட்டாம்லா! காலையில கட்டு மாத்த மட்டும் வருவான். கட்டில் காலியாக் கெடந்தாப் பேரை வெட்டிருவாகன்னு இத்தனை நாளா இதுல படுத்துக் கெடந்தது அவன் மச்சினன்."