ஊதுவீங்களா என்று கேட்டார்கள்

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனாரின் ஆசிகள். இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். நான் நலம் என்று உங்கள் கருவியும் சொன்னது. அதை இங்கே யாரும் நம்பவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

மூச்சை ஊதினால் நாட்பட்ட நுரையீரல் நோய் உண்டா இல்லையா என்று சொல்லும் உங்கள் கருவியை எங்கள் ஊர் மருத்துவமனையில் சோதித்துப் பார்க்கிறார்கள், நோயில்லாதவர்களும் வந்து ஊத வேண்டும் என்று நீங்கள் எழுதியதும், எனக்குத் தூக்கம் போய்விட்டது. சரியாக ஊதாமல் உங்கள் பெயரைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். அதனால் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, காலையும் மாலையும் ஊதிப் பழகினேன். துணைக்கு உங்கள் மாமியாரும் ஊதினாள். இவ்வளவு முன்னேற்பாட்டுடன் போன என்னை, கருவிக்கு அருகில் கணினியோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்ட முதல் கேள்வி:

"ஐயா, ஊதுவீங்களா?"

"நல்லா ஊதுவேம்மா."

"எப்போலேருந்து?"

"கல்யாணம் ஆனதுலேருந்து." மகளின் கல்யாணத்தைச் சொன்னேன். ஒவ்வொரு முறை வரும்போதும் ஏதாவது ஒரு குழாயை நீட்டி ஊதச் சொல்வீர்களே, அதை நினைத்து.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலைல பத்து, சாயங்காலம் பத்து. விருந்தாளி வந்தா குறைச்சுக்குவேன்."

"பாக்கெட்டா வாங்குவீங்களா?"

"எதுக்கும்மா? நானே சுருட்டிக்குவேன்."

"வீட்ல திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவா. தம் பத்தலைன்னு. அவளும் கூடவே உக்காந்து ஊதுறா."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என் பயிற்சியைக் கண்டு வியக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய எனக்கு, 'ஊதுவது' என்றால் புகைபிடிப்பது என்றும் ஒரு பொருள் உண்டு என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. பிறகு ஊதினேன். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன், வெளியே இருமினேன்.

அப்போதுதான் நெஞ்சுநோய் மருத்துவர் வந்து, அவள் பதிந்திருந்த என் பதில்களைக் கணினியில் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது. "கல்யாணமானதுலேருந்து புகை பிடிக்கிறாரு, சொந்தமா சுருட்டிக்கிறாரு, சம்சாரத்தையும் பழக்கியிருக்காரு, இவரு நுரையீரல் சுத்தமாம்! இந்த டப்பாவுக்கு மூக்கே இல்லம்மா. மூட்டை கட்டித் திருப்பி அனுப்பு" என்றார். நான் வாயைத் திறந்தேன். "பேசாதீங்க பெரியவரே, மூச்சு வாங்கும்" என்று என் முதுகைத் தட்டினார். "இனிமேலாவது விட்டுடுறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்ட குரலுக்கு 'மாட்டேன்' என்று எப்படிச் சொல்வது? "விட்டுடுறேன் டாக்டர்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தொடங்காத பழக்கத்தை விடுவதாக வாக்குக் கொடுப்பது பொய்யா, இல்லையா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

உங்கள் மாமியார் விடுவாளா? "நான் சுருட்டு பிடிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கீங்க!"

"ஊரெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரியில மட்டும்தான்."

"பத்து வார்த்தை பேசுனா பத்தும் வினை. மாப்பிள்ளை ராப்பகலா உழைச்சுச் செஞ்ச மிஷின், உங்க வாயால குப்பைக்குப் போகுது!"

அவள் சொன்னதில் திருத்த ஒரு பிழையும் இல்லை. வெள்ளிக்கிழமை கருவியைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறார்களாம். ஆகவே மாப்பிள்ளை, நீங்களே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் மாமனார் புகையைக் கண்டாலே ஒதுங்குகிறவர், அவர் நுரையீரலில் குற்றமில்லை, கருவி சொன்னது அத்தனையும் உண்மை, பொய் சொன்னது அவர் தமிழ்தான் என்று விளக்கிவிட வேண்டும். நானே போய்ச் சொல்லலாம். ஆனால் மறுபடி ஏதாவது கேட்பார், நான் மறுபடி ஏதாவது ஒப்புக்கொண்டுவிடுவேன்.

மகளுக்கு என் ஆசிகள். சம்பந்திகளுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும், சுருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நீங்கள் இருவரும் குறைவின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நன்மையை நாடும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் மாமியார் என்னை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் ஒரே வாக்கியத்தில் சொன்னதை மருத்துவர் உடனே நம்பிவிட்டார், வயிறு குலுங்கச் சிரித்தார். "கருவி மேல தப்பில்ல. எங்க, எல்லாரும் பார்க்க இன்னொரு தடவை ஊதுங்க" என்றார். இந்த முறை தெம்பாக ஊதினேன். சிவப்பு எரிந்தது. நோய் உண்டு என்கிறது கருவி. முதல் தடவை பயத்தில் பாதி மூச்சுதான் விட்டிருப்பேன் என்கிறார் மருத்துவர். இப்போது அவர் சிரிக்கவில்லை. நாளைக்கு நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். படம் சுத்தமாக இருந்தால் உங்கள் கருவி போயிற்று. இல்லையென்றால் கருவி நிலைத்துவிடும். எப்படி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என எனக்குத் தெரியவில்லை. உங்கள் மாமியாரைக் கேட்டேன். என் நெஞ்சைத் தடவிவிட்டாள். "மாப்பிள்ளை இன்னொரு மிஷின் செஞ்சுக்க மாட்டாரா?" என்கிறாள். செய்துகொள்வீர்களா, மாப்பிள்ளை?