அவரைப் பாத்தியின் காவலர்

மண்ணாலும் மழையாலும்தான் விவசாயம் நடக்கிறது என்று இன்னமும் நம்புகிறவர்கள், என் அத்தானின் கொள்முதல் குழுக் கூட்டத்தில் ஒருமுறை வந்து உட்கார வேண்டும். விவசாயம் கூட்டங்களால் நடக்கிறது.

அத்தான் பெரிய அலுவலகமொன்றில் கொள்முதல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அரை ஏக்கர் நிலமும் ஓர் ஆடும் வாங்கினார். உடனே குழு ஒன்றையும் அமைத்தார். தலைவர் அவர், உறுப்பினர்கள் என் அக்காவும் நானும். சமையலறை மேஜையில் கூட்டம். தேநீர் போடுவது அக்காவின் "கூடுதல் பொறுப்பு".

அன்றைய விவாதம் அவரைப் பாத்தி பற்றியது. இரண்டு முறை விதைத்தும் ஆடு மேய்ந்துவிட்டது. ஒரு பாத்தி விடாமல் பார்வையிட்டு ருசி பார்ப்பதால் அதற்கு அக்கா வைத்த பெயர் "ஆய்வாளர்". அவள் பத்திரப்படுத்திய விதையில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். அதுவும் போனால் அந்த ரகமே போச்சு.

"ஏங்க, ஒரு வேலி போட்டா போதும்," என்றாள் அக்கா.

"வேலியெல்லாம் பழைய சிந்தனை," என்றார் தலைவர். "ஆட்டுக்கு எடுத்துச் சொல்லணும்."

பெரிய மரப்பெட்டியில் வந்து இறங்கியது "அறிவார்ந்த பயிர்க் காவலர்". ஆடு நெருங்கினால் கண்டுபிடித்து, உரிமையாளரின் குரலிலேயே எச்சரிக்கும் கருவி. அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவு செய்தார்: "கவனிக்கவும்! இது தடை செய்யப்பட்ட பகுதி. உடனே வெளியேறவும்!" அந்தக் கம்பீரத்தில் நானே எழுந்து வெளியே போய்விட்டேன்.

அக்கா கடைசி விதையையும் போட்டாள். செடிகள் தளதளவென்று எழுந்தன. ஆய்வாளர் வந்தார். கருவி முழங்கியது. ஆடு காதை நிமிர்த்தியது. பிறகு குரலை நோக்கி ஓடியே வந்தது.

அத்தானுக்கு ஒரு பழக்கம். தினமும் தீவனம் வைக்கும்போது ஆட்டிடம் சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். அந்தக் குரல் கேட்டால் சாப்பாடு தயார் என்பது ஆட்டின் அனுபவம். கருவி அழைக்க அழைக்க, அது நிதானமாகச் சாப்பிட்டது.

அக்கா ஓடி வந்து துரத்துவதற்குள் ஓரத்தில் நாலைந்து செடிகளே மிச்சம். அவள் கண் கலங்கிவிட்டது.

"கண்டுபிடிக்கிற திறமை பிரமாதம்!" என்று அத்தான் கருவியைத் தட்டிக் கொடுத்தார்.

அக்கா சுத்தியலை எடுத்தாள். கருவி வந்த மரப்பெட்டியை உடைத்து, மிஞ்சிய செடிகளைச் சுற்றிப் பலகைகளை நெருக்கமாக நட்டு ஆணி அடித்தாள். ஆணி எடுத்துக் கொடுத்தது நான். குழுவில் என் ஒரே பங்களிப்பு. ஆய்வாளர் வெளியே நின்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். அவரைச் செடி பூத்தது, காய்த்தது, விதையும் மீண்டது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டார்: "இந்த வருஷம் நாம வாங்கினதுல எது சிறந்தது, எது மோசம்? மனம் விட்டுச் சொல்லலாம்."

"சிறந்தது அந்தப் பெட்டி. மோசமானது அதுக்குள்ள இருந்தது," என்றாள் அக்கா.

அத்தான் முகம் மலர்ந்தது. "பெட்டி அவ்வளவு நல்லா இருக்கா? அப்ப இன்னொரு காவலர் வாங்கிடுவோம்! தம்பி, நீ என்ன சொல்றே?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தேநீரை அவர் முன்னால் வைத்தாள்.

"வேண்டாங்க. ஒரு வேலையும் செய்யாம நின்ன இடத்துல நின்னு அதிகாரம் பண்றதுக்கு, அது வர்றதுக்கு முன்னாடியே வீட்டுல ஒருத்தர் இருக்காரு."