சுறா எண்ணெய் பூசிய சாய்மனைக் கதிரை

ஒரு கதிரையைப் பராமரிக்கப் போய் என் கலியாணத்தையே குழப்பப் பார்த்தவன் நான். (அதுவும் பராமரிப்பே தேவைப்படாத புத்தம்புதுக் கதிரை.)

சுனாமி எங்கள் கல்லடி வீட்டுத் தளபாடங்களைக் கொண்டுபோன பிறகு, நிவாரணமாகக் கிடைத்த நான்கு பிளாஸ்டிக் கதிரைகளில்தான் ஐந்து வருடம் இருந்தோம். ஒவ்வொன்றின் முதுகிலும் கொடுத்தவர்களின் பெயர் கொட்டை எழுத்தில். யுத்தம் முடிந்த கையோடு, வந்தாறுமூலையிலிருந்து பெண்ணின் தகப்பன் என்னைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. எனக்கு வயது முப்பத்தாறு. மூன்று சம்பந்தங்கள் ஏற்கெனவே நழுவியிருந்தன. நான்காவதை நிவாரணத்தின் மேல் இருத்த மனம் வரவில்லை.

முற்றத்து மாமரத்தடியில் போட ஒரு பின்னல் சாய்மனைக் கதிரை பார்க்கப் போனேன்.

"கடல் காத்துக்கு பிளாஸ்டிக் பின்னல்தான் தம்பி சரி" என்றார் கடைக்காரர். நான் ஒரு மணித்தியாலம் எல்லாவற்றிலும் சாய்ந்து பார்த்து, அசல் பிரம்பையே எடுத்தேன்.

"அப்ப நிழல்ல வைங்க. ஈரத்துணியால துடைச்சாக் காணும்."

எதற்கும் புத்தகத்தைப் புரட்டுகிற என்னைப் போன்றவனுக்கு வெறும் ஈரத்துணியா? பக்கத்து வீட்டு சிவலிங்கம் அண்ணன் மீன்பிடிகாரர். உப்புக்காற்றில் தோணி எப்படித் தாங்குகிறது என்று கேட்டேன்.

"சுறா எண்ணெய்தான் தம்பி. பத்து வருசத்துக்கு மரம் உக்காது."

அவர் சொன்னது தோணிக்கு. நான் பூசியது கதிரைக்கு.

பெண்ணின் தகப்பன் வெள்ளை வேட்டியில் வந்தார். சாய்ந்தார். மூக்கைச் சுருக்கினார். முதலில் ஒரு பூனை வந்தது. பிறகு அதன் சொந்தபந்தங்கள் வந்தன. ஐந்தாவது பூனை மடியில் ஏறியபோதுதான் வாயைத் திறந்தார்.

"பூனை கனக்க வளக்கிறீங்க போல?"

"இல்ல மாமா, இதுகள் எங்கட இல்ல." (சம்பந்தம் பேசுமுன்பே மாமா!)

எழும்பினார். வேட்டியின் பின்புறத்தில் பிரம்புப் பின்னல் கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது.

"கதிரைக்கு என்னத்தத் தம்பி பூசினீங்க?"

வார்னிஷ் என்று சொல்லியிருக்கலாம். "சுறா எண்ணெய்" என்றேன்.

"எத்தின தரம்?"

"மூண்டு."

அவர் உள்ளே போய், நிவாரணக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சம்மதம் வந்தது. என் வாசிப்புத்தான் அவரை மயக்கியது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். கதிரை இன்னும் உக்கவில்லை. பூனைகளைத் தவிர யாரும் அதில் இருப்பதுமில்லை. நான் எதையாவது திருத்தக் கிளம்பினால், பிள்ளைகள் "எத்தின தரம் அப்பா?" என்று கேட்பார்கள்.

ஒருநாள் மனைவிதான் உண்மையைப் போட்டுடைத்தாள்.

"அப்பா அண்டைக்கு அந்த எண்ணெய் வேட்டியோட பஸ்ஸில இருக்க ஏலாம நிண்டுதான் வந்தவர். வந்ததும் சொன்னார், 'பொய் சொல்ற அளவுக்கு அந்தப் பொடியனுக்கு மூளை காணாது, புள்ளைய நம்பிக் குடுக்கலாம்' எண்டு."