பூசணிக்காயின் வயிற்றில் பூச்சி

வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டால் வாவிக்கரைக்குப் போகும் மணல் ஒழுங்கையில் ஓட்டோ நுழைய இடம் இராது. குருக்கள்மடத்தார் நடந்தே வந்துவிடுவார்கள். வாழைச்சேனைக்காரர் வான் பிடித்து வருவார்கள். எல்லோர் இடுப்பிலும் ஒரு பிள்ளை. எல்லோர் கைபேசியிலும் ஒரே வீடியோ. குடலில் இருக்கும் பூச்சியை மருந்தில்லாமல், ஊசியில்லாமல், வயிற்றுத் தோல் வழியாகவே வெளியே அழைத்து வரும் உதரநாத சுவாமிகளின் வீடியோ.

உதரநாதர் என்பது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். தாய் தகப்பன் வைத்தது அழகரத்தினம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "எல்லா வயிறும் நம்மட ஊர்தான்" என்பார். அதைக் கேட்டு நாலு பேர் கண் கலங்குவார்கள். ஊரும் தெரியாது, பேரும் தெரியாது என்பதற்கு இவ்வளவு அழகான விடை வேறெங்கும் கிடைக்காது.

சிகிச்சை இப்படி நடக்கும். ஓலைக் கொட்டிலுக்குள் பாய். பாயில் பிள்ளை மல்லாந்து படுக்க வேண்டும். சுவாமிகள் செம்புக் கிண்ணத்திலிருந்து 'வெண்காப்பு' என்ற வெள்ளைக் குழம்பை அள்ளி வயிற்றில் அப்புவார். இளஞ்சூட்டு மஞ்சள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மந்திரத்தை முணுமுணுத்தபடி உள்ளங்கையால் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க, மெல்லிசாய், நீளமாய், மங்கல் வெள்ளையாய்ச் சுருண்டு சுருண்டு வரும் பூச்சிகள். தட்டில் எடுத்துப் போட்டுக் காட்டுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பூச்சிகளுக்கும் நல்ல ஒழுக்கம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வரும். வயிற்றில் ஓட்டை இல்லையே, எந்த வழியால் வந்தன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று வாசலிலேயே பலகை இருந்தது: 'சந்தேகப்படுவோரின் பூச்சி வெளிவராது.'

அன்றைய வரிசையில் பிரஷாந்தியும் நின்றாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சோறு சமைப்பவள். அவளுடைய எட்டு வயது மகள் கஜானி சில மாதமாக வெளிறிக்கொண்டே போனாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, குடலில் கொக்கிப்புழு இருக்கிறது, இரத்தம் குறைந்துவிட்டது என்று சொல்லிப் பூச்சிக் குளிசையும் இரும்புக் குளிசையும் கொடுத்தார்கள். அந்த மாத்திரைகள் அலுமாரிக்குள் இருந்தன. இருக்க வைத்தவள் பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை.

"குளிசை குடுத்தா பூச்சி உள்ளுக்க செத்துக் கிடக்கும் கா. சாமிட்டப் போனா உசிரோட வெளிய வரும். எது நல்லம், நீயே சொல்லு."

கேள்வியை இப்படி வைத்தால் விடை ஒன்றுதானே.

கஜானியின் வயிற்றிலிருந்து இருபத்து மூன்று பூச்சிகள் வந்தன. சீதேவிப்பிள்ளை சத்தமாக எண்ணினாள். அது முடிந்ததும் சுவாமிகள் ஒரு கண்ணாடிப் போத்தலை உயர்த்திப் பிடித்தார். அடியில் கொஞ்சம் அரிசி. மற்ற அரிசியைப் போலில்லாமல் மங்கலாய், மாப் பூத்தது போல.

"இது என்ன தெரியுமா? பள்ளிக்கூட அரிசிக்குள்ள கிடந்த பூச்சி முட்டை. உங்கட புள்ளைகளுக்கு நாளாந்தம் இதைத்தான் அவிச்சுப் போடுறாங்க."

போத்தலிலிருந்த மணிகள், பள்ளிக்கூட அரிசியில் ஒதுக்கிப் பிரஷாந்தி தன் வீட்டுக் கோழிகளுக்குப் போட்டவை; முற்றத்திலிருந்து சீதேவிப்பிள்ளை பொறுக்கிக் கொண்டுவந்து சுவாமிகளிடம் கொடுத்திருந்தாள். பிரஷாந்திக்கு அடையாளம் தெரிந்தது.

"ஓம் சாமி. நானும் கண்டனான். சுளகில போட்டு ஒவ்வொண்டாப் பொறுக்கி எறிஞ்சுட்டுத்தான் உலையில போடுற."

காசில்லாமல் ஒரு சாட்சி கிடைத்த மகிழ்ச்சியில் சுவாமிகளின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? சமைக்கிறவவே சொல்றா. இருந்தாலும் தாயே, ஒண்டு ரெண்டு தப்பும். நாப்பத்தொரு நாளைக்குப் பள்ளிக்கூடச் சோறும் வேணாம், குளிசையும் வேணாம்."

திங்கட்கிழமை நூற்றிருபது பிள்ளைகளுக்கு வைத்த சோற்றை நாற்பது பிள்ளைகள் தின்றார்கள். அடுத்த வாரம் இருபத்திரண்டு. மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொண்டன. பிள்ளைகள் சாப்பிடாவிட்டால் மாத முடிவோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டியதுதான் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். அந்த நூற்றிருபதில் பாதிப் பேருக்கு வீட்டில் காலைச் சாப்பாடு என்பது பாலில்லாத வெறுந்தேத்தண்ணிதான். அது பிரஷாந்திக்குத் தெரியும்.

கஜானியை இன்னும் இரண்டு தடவை கொட்டிலுக்குக் கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் பூச்சி கூடியதே தவிரக் குறையவில்லை. அவ்வளவும் உள்ளே இருந்திருந்தால் பிள்ளைக்குக் குடல் வைக்க இடமே இருந்திராது. அதையும் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரத் திங்களன்று, காலைக் கூட்டத்தில் நின்றபடியே கஜானி மணலில் சரிந்தாள்.

அன்றைக்குச் சமையலறை பார்க்க வந்திருந்தவர் சுகாதாரப் பரிசோதகர் மதுரன். பிள்ளைக்கு முகம் கழுவி, தண்ணீர் பருக்கி, நிழலில் கிடத்திவிட்டுப் பிரஷாந்தியின் சுளகுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். ஒதுக்கி வைத்திருந்த மங்கல் மணி ஒன்றை விரலில் எடுத்தார்.

"அக்கா, இதை ஏன் பொறுக்குறீங்க?"

"பழுதான அரிசி, சேர். பூச்சி முட்டை எண்டும் சொல்றாங்க."

"இது முட்டையில்ல. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்தும் விட்டமினும் கலந்து, மிசினில திரும்ப அரிசி மாதிரியே அச்சுப் பிடிச்செடுத்த மணி. நூறு அரிசிக்கு ஒண்டு எண்டு கலக்கிற. அதால நிறம் கொஞ்சம் மங்கல்."

பிரஷாந்தி சுளகைப் பார்த்தாள். ஒரு வருசமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பொறுக்கி எறிந்தது அதை மட்டும்தான்.

"அப்ப நான் மருந்தை எறிஞ்சுட்டு வெறுஞ்சோத்தையா போட்டனான்?"

"ஓம் அக்கா."

"அதுதான் எங்கட சேவல் அந்தத் தடிப்புத் தடிச்சு நிக்குது."

மதுரன் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "பூச்சிக்கும் இந்த அரிசிக்கும் என்ன சம்பந்தம், சேர்?"

மதுரன் முற்றத்திலிருந்த தண்ணீர்த் தாங்கியைக் காட்டினார். "அந்தத் தாங்கி ஒழுகுது எண்டு வைங்க. கொக்கிப்புழு குடல்ல கடிச்சுத் தொங்கி ரெத்தம் குடிக்கிற; அதுதான் ஓட்டை. பூச்சிக் குளிசை ஓட்டையை அடைக்கும். ஆனா அடைச்ச உடன தாங்கி நிறையுமா? நிறைக்கிறதுக்குத்தான் இந்தச் சோறும், இரும்புக் குளிசையும். மறுகா, வெறுங்காலோட ஈர மண்ணில நடந்தா பாதத்தால புழு திரும்பப் பூரும். அதுக்குச் செருப்பும் கக்கூசும். மூண்டும் சேந்தாத்தான் சரி."

"பூச்சி வெளிய வந்ததைக் கண்ணால கண்டன், சேர்."

"வந்ததைக் கண்டீங்க. வந்தது பூச்சி எண்டதைக் கண்டீங்களா?"

அந்தக் கேள்வி பிரஷாந்தியோடு வீட்டுக்கு வந்தது. முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தபடி மகளுக்குக் குளிசை கொடுத்தாள். பின்னேரம் குளிப்பாட்டும்போது, வெள்ளிக்கிழமை அப்பிய வெண்காப்பு தொப்புளுக்குள் காய்ந்து கிடந்ததைக் கண்டாள். 'கழுவக் கூடாது' என்பது சுவாமி உத்தரவு. நகத்தால் கிள்ளினாள். தண்ணீர் பட்டதும் அது இளகி, இழுத்தால் இழுபட்டது.

கை நின்றுவிட்டது. இந்த இழுவை அவளுக்குப் பழக்கம். ரொட்டிக்குக் கோதுமை மாக் குழைத்துவிட்டுக் கை கழுவும்போதெல்லாம் விரலுக்கிடையில் உருளுவது இதுதான். அரிசி மா அப்படியில்லை; தண்ணீர் விட்டால் பாலாய்க் கரைந்து ஓடிவிடும். கோதுமை மாவில் மட்டும் ஒரு பசைச் சத்து இருக்கிறது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் வெள்ளை கரைந்து போகும். பசை மட்டும் ஒன்றோடொன்று பிடித்து நூலாய்த் திரளும்.

உடனே குசினிக்குப் போய்ப் பூசணிக்காய் ஒன்றை எடுத்து வைத்தாள். கோதுமை மாவைக் குழைத்து அதன்மேல் அப்பி, வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். பூசணிக்காய் பதினொரு பூச்சி பெற்றது. அரிசி மாவை அப்பித் தேய்த்தாள். ஒன்றும் இல்லை.

மறுநாள் காத்தான்குடியிலிருந்து லொறியில் மா கொண்டு வரும் பதியுதீனை மறித்தாள். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காக்கா, சாமிட கொட்டிலுக்கு மா குடுக்கிறீங்களா?"

"ஓம் தங்கச்சி, கிழமைக்கு ஒரு மூடை கோதுமை மா. மனிசன் ரொட்டிக் கடை போடப் போறாராக்கும் எண்டு நினைச்சன். ஒரு ரொட்டியும் கண்ணால காணல்ல."

வெள்ளிக்கிழமை பிரஷாந்தி ஒரு கையில் கஜானியையும் மறு கையில் பூசணிக்காயையும் பிடித்துக்கொண்டு போனாள். பின்னால் மதுரன் மோட்டார் சைக்கிளில் வந்தார். பூசணி காணிக்கை என்று நினைத்து சுவாமிகள் கை நீட்டினார். அவள் அதைப் பாயில் படுக்க வைத்தாள்.

"முதல்ல இதுக்குப் பாருங்க, சாமி. ரெண்டு நாளா ஒரு மாதிரிக் கிடக்கு."

கூட்டம் சிரித்தது. சுவாமிகளும் சிரித்துவைத்தார். அந்த இடைவெளியில் அவள் செம்புக் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளிப் பூசணியில் அப்பி, மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். ஒன்று, இரண்டு, ஐந்து. சுருண்டு சுருண்டு வந்தன.

சிரிப்பு நின்றது. சுவாமிகள் சளைக்கவில்லை. "மண்ணில விளைஞ்ச காய்தானே. மண்ணில பூச்சி இரிக்கும்."

கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. நம்ப வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட தலை எந்தக் காற்றுக்கும் ஆடும்.

"அப்பிடியா? சேர், உங்கட ஹெல்மெட்டை ஒருக்காத் தாங்க."

ஹெல்மெட்டும் பாயில் படுத்தது. ஹெல்மெட்டுக்கு எட்டுப் பூச்சி.

"இது எந்த மண்ணில விளைஞ்ச, சாமி?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சுவாமிகள் கிண்ணத்தைப் பிடுங்க எட்டினார். பிரஷாந்தி அந்தக் கையையே பிடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அப்பி, தண்ணீர் விட்டு நன்றாக உருவினாள். உலகத்தின் பூச்சிகளையெல்லாம் விரட்டும் அந்தத் திருக்கரத்திலிருந்து பதினான்கு பூச்சிகள் வந்தன.

"ஐயோ, இண்டைக்குச் சாமிக்குத்தான் எல்லாத்திலயும் கூட," என்றாள் சீதேவிப்பிள்ளை. இன்னமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

பிரஷாந்தி தன் பையிலிருந்து அரிசி மாவை எடுத்துக் குழைத்து, கஜானியின் வயிற்றில் அப்பினாள். "இப்ப நீங்களே மந்திரத்தைச் சொல்லித் தேயுங்க, சாமி. ஒரு பூச்சி வந்தாப் போதும். இந்தப் பூசணிக்காயைப் பச்சையாத் தின்னுறன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுவாமிகள் தேய்த்தார். மந்திரத்தை ஏற்றிச் சொன்னார். வெள்ளைத் தண்ணீர் ஓடியது. கஜானி கூச்சம் தாங்காமல் நெளிந்தாள். நெளிந்தது அவள் மட்டும்தான்.

"சந்தேகப்படுறவங்களுக்கு வராது," என்று பலகையைக் காட்டினார்.

"பூசணிக்காய் சந்தேகப்படல்லையாக்கும்," என்றாள் பிரஷாந்தி.

பக்கத்து வடைக்கடையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டிலிருந்த பூச்சிகளை அள்ளிக்கொண்டு போய்ச் சட்டியில் போட்டாள். அவை உப்பிப் பொரிந்து பொன்னிறமாய் மிதந்தன. ரொட்டி மணம் பரவியது. சீதேவிப்பிள்ளை ஒன்றை எடுத்து ஊதி, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். தீர்ப்புக்காக ஊரே காத்திருந்தது.

"கோதும மாதான். உப்புத்தான் காணா."

திரும்பிப் பார்த்தபோது பாயில் பூசணிக்காய் மட்டும் இருந்தது. உதரநாதர் கொட்டிலின் பின்புறத்தால் வாவியில் இறங்கியிருந்தார். சேற்றில் முழங்கால் புதைய, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவரை இறால் பிடிக்க வந்த இருவர் தோணியில் ஏற்றி, மிகுந்த மரியாதையோடு மதுரனிடமே திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். பொலிஸில் எந்த ஊர் என்று கேட்டபோது, வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முழு விலாசத்தையும் தந்தாராம்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பூசணிக்காய்க் கறி. சமைக்குமுன் பிரஷாந்தி தாய்மாரைக் கூட்டி, சுளகில் அரிசியைப் பரப்பி, மங்கல் மணிகளைக் காட்டினாள். "சாமியை மட்டும் பேசாதீங்க. ஒரு வருசமா இதைப் பொறுக்கி எறிஞ்சது நான். கேட்டிருந்தா ஒரே நாளில சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல்ல." அன்று நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் தின்றார்கள். மற்ற இருவரும் வயிற்றுவலி என்று வரவில்லை. முதல்நாள் கலியாண வீட்டில் பலகாரம் கூடிவிட்டதாம்.

நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் கஜானியின் இரத்தம் சரி என்றார்கள். புதுச் செருப்போடு மூன்று படிகளை ஒரே பாய்ச்சலில் தாண்டி ஓடினாள். சேவல்தான் பழைய தீனி கிடைக்காமல் கொஞ்சம் மெலிந்துவிட்டது.

நம் ஊரில் சுளகு இல்லாத வீடு கிடையாது. சோற்றில் ஒரு கல் கடிபட்டால் சமைத்தவளைச் சும்மா விடமாட்டோம். காதில் கொட்டுகிறவற்றை மட்டும் கல்லும் மண்ணுமாய் அப்படியே விழுங்கிவிட்டு, வயிறு வலிக்கிறது என்று சாமியாரைத் தேடுகிறோம். அதையும் ஒருமுறை புடைத்துப் பாருங்கள். எது கல், எது மணி என்று தெரியாவிட்டால், எறியுமுன் தெரிந்தவரைக் கேளுங்கள். அதற்குக் காணிக்கை ஒன்றும் இல்லை.