நாற்று நடாத வயலில் ஒரு கப்பல்

பொன்னேரி வட்டம், ஆரணிக்குப் பக்கத்திலிருந்து,
தை மாதம், வியாழக்கிழமை.

அன்பும் பொறுமையும் மிக்க தம்பி அன்புராஜுக்கு, அக்கா ஈஸ்வரி எழுதிக்கொள்வது. காக்களூரில் நீயும் திலகவதியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கு நான் சுகம். மாடுகள் சுகம். உன் மாமா எப்படி இருக்கிறார் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் பேச வழியில்லை. நான் யாரிடம் வாயைத் திறந்தாலும் உன் மாமா பின்னால் வந்து நிற்கிறார். போன வாரம் மீன்கார அம்மாவிடம், இது நேத்து மீனு, என்னை ஏமாத்தாதே என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "அதையே இன்னொரு வாட்டி சொல்லு ஈஸ்வரி, கடைசி வார்த்தைய மட்டும் கொஞ்சம் மெதுவா" என்றார். எனக்கும் சப்பென்று போய்விட்டது, மீன்கார அம்மாவுக்கும் சப்பென்று போய்விட்டது. மீனை வாங்கி வைத்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் மனுஷன் ஒழுங்காகத்தான் இருந்தார். ஆவணியில் ரிட்டையர் ஆனார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் சால்வையை மடித்து வைத்துவிட்டு, "ஈஸ்வரி, நான் சினிமாவுக்குப் போறேன்" என்றார். பொன்னேரிக்கா, கும்மிடிப்பூண்டிக்கா என்று கேட்டுக்கொண்டே நானும் புடவை மாற்றப் போய்விட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பார்க்கப் போறதில்ல, எடுக்கப் போறாரு. கதை, திரைக்கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு எல்லாமே ராஜமாணிக்கம்தானாம். "இத்தினி வருசமா கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துகினு எதிர்ல வண்டி வர்றதையும் போறதையும் பாத்துகினே இருந்தேன். அது மொத்தமும் படம்தான் ஈஸ்வரி. யாரும் எடுக்கல, அவ்ளோதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அன்றைக்கே திட்டியிருக்க வேண்டும்.

சனி, ஞாயிறானால் ரயிலேறி சென்னைக்குப் போய் திரைக்கதை வகுப்பில் உட்கார ஆரம்பித்தார். கூடப் படிப்பவர்கள் எல்லாம் நம்ம பிள்ளைகள் வயசு, அங்கிள் அங்கிள் என்று கூப்பிடுகிறார்களாம். அங்கே ஒரு வாத்தியார், எதையும் வாயால் சொல்லாதீர்கள், காட்சியாகக் காட்டுங்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். அன்னிக்கிப் புடிச்சுது பேஜாரு. காபி வேணும்னா கேக்கறதில்ல. காலி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிகினு நிப்பாரு. நாஷ்டாவுல உப்பு இல்லன்னா தட்டைப் பாத்து ஒரு பெருமூச்சு, அப்புறம் என்னைப் பாத்து ஒண்ணு. ஒரு நாள் போர்வையைப் போத்திக்கினு கதவோரமா நின்னு தூரத்தையே பாத்துகினு இருந்தாரு. கதை யோசிக்கிறாரு போலன்னு நானும் வுட்டுட்டேன். சாயங்காலம் கையைத் தொட்டுப் பாத்தா ஜுரம் கொதிக்குது.

சரி, கதையாவது ஒழுங்கான கதையா, கேளு. விடியற்காலை. பனி. வயல்ல ஒரு பொம்பளை நிக்கிறா. கம்பெனி சங்கு ஊதுது. அவளுக்கு அது கப்பல் சங்கு மாதிரி கேக்குது. பாத்தா நெசமாவே வயலுக்குள்ள கப்பல் வருது.

"அப்பால?"ன்னேன்.

"வருது."

"வந்து இன்னா பண்ணுது?"

"வருது ஈஸ்வரி. மெதுவா வருது."

தம்பி, கப்பலுக்குக் கடல் வேணுமில்ல? ரோட்டோரம் கீதே நம்ம நவரைப் பட்டத்து நெலம், அதுல சேடை ஓட்டி சேறாக்கி, பரம்படிச்சி சமமாக்கி, கரை நெறைய தண்ணி கட்டிட்டாரு. நடவு ஆளுங்க வந்து நின்னாங்க. "இது இப்போ கடலும்மா. கடல்ல யாராவது நாத்து நடுவாங்களா?"ன்னு அவங்களைத் திருப்பி அனுப்பிட்டாரு. சுத்தி எல்லாரு நெலமும் பச்சையா நிக்குது, நம்மது மட்டும் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டிகினு கெடக்குது. நாத்தங்கால்ல நாத்து முத்திக்கினே போவுது. எதிர்ல வர்ற சனமெல்லாம், கடல் எப்படிம்மா கீது, மீனு மாட்டுச்சான்னு கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?

கப்பலும் வந்துச்சி. ஆசாரியை வெச்சி பிளைவுட்டுல ஒரு பக்கம் மட்டும் செஞ்சி, தார்ப்பாய் போத்தி, பெயிண்டு அடிச்சி, டிராக்டர் டிரெய்லர்ல நிக்க வெச்சாங்க. வண்டி ரோட்டு மேலதான் போவும், பனியில சக்கரம் தெரியாது, தண்ணியில நெழல் மட்டும் வுழும்னாரு. கேமராவுக்கு கவரைப்பேட்டை லோகு. கல்யாண வீடியோ எடுக்கற பையன், தங்கமான பையன்தான், ஆனா கப்பலை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "சார், பொண்ணு மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிப்பாங்க?"ன்னு கேட்டான்.

பொம்பளையா நடிக்க வேண்டியவ கல்பனா, திருவிழா நாடகத்துல நடிக்கிறவ. ஷூட்டிங் அன்னிக்கி விடியக்காலைல போன் பண்றா. சென்னையில சீரியல் சான்ஸ் கெடச்சிடுச்சாம், பொணமா படுத்துக்கணுமாம், கதைப்படி அந்த வீட்டுல சொத்துச் சண்டை தீர்ற வரைக்கும் பொணத்தை எடுக்க மாட்டாங்களாம், அதனால வர முடியாதுன்னுட்டா. உன் மாமா வரப்பு மேல அப்படியே குந்திட்டாரு. நான் இட்லியும் டீயும் எடுத்துக்கினு போயிருந்தேன். தலை நிமிந்து பாத்தாரு. "ஈஸ்வரி, நீ எறங்கு."

"இன்னாங்க வெளையாடறீங்களா? மாட்டுக் கொட்டாய்லேர்ந்து நேரா வரேன். சாணி நாத்தம் அடிக்குது."

"கேமராவுக்கு நாத்தம் தெரியாதும்மா"ன்னான் லோகு.

எறங்கினேன். வேற இன்னா பண்ண, அந்த முகத்தைப் பாத்துகினு? தண்ணி கணுக்காலுக்கு மேல, சில்லுன்னு ஏறுது. எங்க பாத்தாலும் வெள்ளை. வரப்பு தெரியல, ரோடு தெரியல, மேல வானமா கீழ வானமான்னு தெரியல. அங்க ரோட்டுல கப்பல் கெளம்பி, திருப்பத்துல வேப்பமரக் கெளையில பாய்மரக் கொம்பு மாட்டிக்கினு நின்னுடுச்சி. அதுக்குப் பின்னாடியே தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குப் போற ஷிப்டு பஸ்ஸு. டிரைவர் ஆரனை அமுக்கிகினே கீறாரு. பசங்களும் பொண்ணுங்களும் யூனிபார்மோட எறங்கிட்டாங்க. "யாருய்யா இது, ரோட்டுல வூடு கட்டினவன்? லேட்டா போனா உள்ள வுட மாட்டாங்கய்யா!" உன் மாமா கையைக் கூப்பிக்கினு ஓடறாரு. இன்னிக்கி அடிதான் வாங்கப் போறாருன்னு நெனச்சேன்.

அடிக்கல தம்பி. பனி லேசா வெலகிச்சி. கத்திகினு இருந்த சனம் அண்ணாந்து பாத்துச்சி. அவ்ளோ பெரிய கப்பல், அதும் பின்னாடி தண்ணி, தண்ணி நடுவுல நான் ஒருத்தி. டிரைவர் ஆரன்லேர்ந்து கையை எடுத்துட்டாரு. யாரும் சொல்லல, பசங்களா போய் கெளையை வளைச்சிப் புடிச்சாங்க, பொண்ணுங்க பின்னாலேர்ந்து தள்ளினாங்க. கப்பல் நவுந்துச்சி. அந்த நேரம் பாத்து தூரத்துல எந்தக் கம்பெனியோ சங்கு ஊதுச்சி. ஒரு பொண்ணு என்னைப் பாத்துக் கையாட்டினா. அப்பால எல்லாரும் ஆட்டினாங்க, வெளியூருக்குப் போறவங்க ஆட்டற மாதிரி.

எனக்கு இன்னா ஆச்சுன்னு சொல்லத் தெரியல. நடிக்கவே இல்ல. பிளைவுட்டுன்னு தெரியும், பெயிண்டு கூட காயலைன்னு தெரியும். காலு தானா நடக்குது. தண்ணியில சத்தம் வராம, தூக்கத்துல நடக்கற மாதிரி, கப்பலைப் பாத்துப் போய்க்கினே கீறேன். கொக்கு ஒண்ணு பக்கத்துலயே கூட வந்துச்சி. கண்ணுல ஏன் தண்ணி வந்துச்சின்னு கேட்டா, பனின்னுதான் சொல்லுவேன். 'கட்'னு சொல்ல வேண்டிய மனுஷன் தலைத்துண்டை வாயில வெச்சிக்கினு நிக்கிறாரு. லோகுதான், "சார், பேட்டரி தீந்துபோச்சி சார்"னு அழுவற கொரல்ல சொன்னான்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. படத்தைச் சென்னையில் ஒரு டிவி கம்பெனிக்கு அனுப்பினார். ஒரு பதிலும் இல்லை. பதில் வராததுதான் நல்ல சகுனம் என்கிறார். இன்னொரு தடவை எடுக்கணும், கடல் அப்படியே இருக்கட்டும் என்கிறார். அடுத்த படத்தில் ஏரிக்குள் ரயில் வருமாம். தம்பி, இந்த வாரம் நடவில்லை என்றால் இந்தப் போகமே போச்சு. ஊர் சிரிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், நிலம் சும்மா கிடப்பதைப் பார்க்க முடியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, ஆம்பளைக்கு ஆம்பளையாகப் பேசி, அவரை உன் பட்டறைக்கு அழைத்துப்போய் ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார வைக்கவும். எதிரே ஜன்னல் இருக்கக் கூடாது. இந்த சினிமா நினைப்பு இந்த வீட்டில் இனி ஒருத்தருக்கும் வேண்டாம்.

திலகவதிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நாலு பேருக்குப் புரிகிற வேலைக்குப் போய், தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் அக்கா,
ஈஸ்வரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சென்னையிலிருந்து போன். அந்த டிவி கம்பெனியில் கதை பார்க்கிற பெண், பேர் பூமிகா. கதை ஒன்றும் புரியவில்லை, ஆனால் அந்த அம்மாவை மறக்க முடியவில்லை என்றாள். "சார், அவங்க யாருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க?" என்று கேட்டாள். உன் மாமா முழிச்சிகினு போனை என் கையில கொடுத்துட்டாரு. நான் பேசினேன். அடுப்புல சோறு கொழைஞ்சி போற வரைக்கும் பேசினேன். அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேட்டுட்டு, "அம்மா, தொடரா எழுதலாம், நீங்களே எழுதுங்க, திங்கக்கெழமை ரெண்டு பேரும் வாங்க"ன்னா. "அப்போ நான்?"ன்னாரு உன் மாமா. "நீங்க டைரக்டரு, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க"ன்னேன்.

நடவுக்கு ஆள் சொல்லிட்டேன், நாளைக்கு நடறாங்க. ஞாயித்துக்கெழம நீ வராதே, எனக்கு எழுத்து வேலை கீது. அந்தப் பொண்ணுகிட்ட இன்னா சொன்னேன்னு கேக்கறியா? அந்தப் பொம்பளை யாருக்காகவும் காத்துகினு நிக்கலம்மா, அவளே ஏறிப் போறதுக்குத்தான் நிக்கிறான்னு சொன்னேன்.