சுரண்டினால் போகாத கை

சேசு மரி சூசை துணை

ஸ்ரீரங்கம்,
10-11-1983

அன்புள்ள லூர்துராணி அக்காவுக்கு, மச்சானின் முதுகுவலி தணியவும் பிள்ளைகள் பாஸாகவும் மாதாவை வேண்டிக்கொண்டு தம்பி சகாயநாதன் பயந்து பயந்து எழுதுவது.

பெண் வீட்டாருக்குக் காட்ட என் தனிப் படத்தை உடனே அனுப்பச் சொல்லி நீ போட்ட கார்டுகள் எல்லாம் கிடைத்தன. ஸ்டுடியோ வைத்திருப்பவனிடம் ஒரு படம் இல்லையா என்று கேட்டிருக்கிறாய். நியாயம்தான். ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேரைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த கடை இது. ஆனால் என் நேரத்தைப் பார். கடையிலும் மாடி வீட்டிலும் என்னோடு கூட்டாக இருக்கும் தர்மராஜைத்தான் எடுக்கச் சொன்னேன். இத்தனை வருஷம் நடுங்காத கை அன்றைக்குப் பார்த்து நடுங்கிவிட்டது, படத்தில் எனக்கு இரண்டு மூக்கு. சரியென்று ஜமால் ஸ்டுடியோவுக்குப் போனால், எங்க கேமரா அடகுக்குப் போயிடுச்சுன்னு கடைவீதி பூரா பேச்சு, படத்திலும் போலீஸ் பிடித்து வந்தவன் மாதிரி முழிக்கிறேன். உருப்படியாக இருந்தது முக்கொம்பில் எடுத்த படம் ஒன்றுதான், நல்லா சிரிச்சிருக்கேன், ஆனா பக்கத்துல தர்மராஜ் என் தோள்மேல கை போட்டு நிக்கிறான். அவனைக் கத்தரியால வெட்டிட்டேன், கை மட்டும் தோள்லயே தங்கிடுச்சு. படத்தைப் பென்சிலால டச் பண்ணிச் சரிபண்றது அவன் வேலை, அந்தக் கையை அழிச்சுக் குடுடான்னேன். பென்சிலைக் கீழே வெச்சுட்டான்.

"எத்தனை மாப்பிள்ளைக்கு வேணும்னாலும் பண்றேன். உனக்கு என்னால முடியல" என்றான்.

நானே பிளேடால சுரண்டினேன் அக்கா, அந்தக் கையோட என் தோளும் போயிடுச்சு. ஒத்தத் தோள் மாப்பிள்ளையை யாரு கட்டுவா? இவன் என்னடான்னா ஊருக்கே போறேன்னு மருங்காபுரி பஸ்ஸுக்குப் பையைக் கட்டிட்டான். அவன் போனா கடை என்ன ஆகும், நான் என்ன ஆவேன்?

ஆகவே பெண் வீட்டாரிடம் எதையாவது சொல்லிக் கிறிஸ்துமஸ் வரை நிறுத்தி வை. நல்ல படமாக எப்படியும் அனுப்பிவிடுகிறேன். மச்சானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உனக்கு என் ஜெபம்.

உன் சொல்லைத் தட்டாத தம்பி,
சகாயம்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. தபால் பெட்டிக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். பையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அவனும் பின்னாடியே வந்துவிட்டான். முக்கொம்புப் படத்தின் நெகடிவ் பத்திரமாக இருந்தது. முழுசாகப் புதுப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், கையோடும் ஆளோடும். இது பெண் வீட்டுக்கு இல்லை, உனக்கு. எனக்குக் கல்யாணம் வேண்டாம் அக்கா, எனக்கு இவன் இருக்கான். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் வரலாமா? வேண்டாம்னா ஒரு கார்டு போடு. படத்தை மட்டும் கிழிச்சிடாத.