பதினேழு திருப்பத்தில் ஒரு புலி

ரோபோவின் இடது கை முதுகுப் பக்கமாகப் பாதி திரும்பியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு இம்மியும் நகர மாட்டேன் என்றது.

முனிகிருஷ்ணன் அதை மேஜை விளக்கின் அருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒரு சாண் உயரம். ஆரஞ்சு உடம்பு, கறுப்புக் கோடுகள், நெஞ்சில் நீளமாக ஒரு வெள்ளிப் பட்டை. பொம்மனஹள்ளியில் உள்ள அந்தப் பொம்மைக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக மாதிரிகளைச் சோதித்து, 'சரி' என்று கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். புலியாக மாறும் ரோபோ ஒன்றை ஆஸ்டின் டவுனில் இருக்கும் கிருத்திகா வடிவமைக்கிறாள், இந்த வாரம் அனுப்பிவிடுவாள் என்று முதலாளி மௌரீன் மேடம் சொல்லியிருந்தார். இன்று காலை டப்பா வந்துவிட்டது.

டப்பாவுக்குள் ஒரு காகிதமும் இருந்தது. அதைப் படிப்பது அந்தக் கம்பெனியில் மகா பாவம். எந்தக் குழந்தை காகிதத்தைப் படித்துவிட்டு விளையாடுகிறது என்று கேட்டு, மேடத்தின் அப்பா காலத்தில் போட்ட விதி. சோதிக்கிறவர் தன் கையாலேயே வழி கண்டுபிடிக்க வேண்டும். முனிகிருஷ்ணன் காகிதத்தைப் பிரிக்காமலே ஓரமாக வைத்திருந்தார்.

கண்டுபிடிக்காவிட்டால் அவர் நாற்காலி போய்விடும். போன மாதம் அவர் 'சரி' போட்ட முதலைப் பொம்மை, திறந்த வாயை மூடவேயில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்க முனிகிருஷ்ணன்" என்று மேடம் தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மேடம் நாலு மணிக்கு வருவார். இப்போது மூன்று.

"ட்ரேவர், கொஞ்சம் வாப்பா."

பொம்மைகளை வார்க்கும் அச்சுப் பிரிவு ட்ரேவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "இன்னாண்ணா, டைட்டா இருக்கா?"

"டைட் இல்லப்பா. எங்கயோ ரகசியமா ஒரு பூட்டு வெச்சிருக்கா அந்தப் பொண்ணு."

ட்ரேவர் பல்லைக் கடித்துத் திருகினான். 'டக்'கென்று ஒரு சத்தம். கை முழுவதும் சுற்றி வந்து முன்னங்காலாக நின்றது.

"கேட்டியா?" முனிகிருஷ்ணனின் கண்கள் விரிந்தன. "சரியான இடத்துக்கு வந்துட்டேன்னு அதுவே சொல்லுது!"

வலது கையும் அப்படியே சொன்னது. இடுப்புதான் வளையவில்லை. ட்ரேவர் சூட்டுக்காற்று மெஷினைக் கொண்டுவந்து காட்டியதும் அழகாக வளைந்து கொடுத்தது.

"குழந்தையோட கைச்சூட்டுக்கே வளையணும்னு பண்ணியிருக்காண்ணா!"

"நம்ம கை ஜில்லுனு இருக்குது, அதான்" என்றார் முனிகிருஷ்ணன் பயபக்தியுடன்.

வளைந்த வேகத்தில் முதுகிலிருந்து ஒரு ஸ்க்ரூ தெறித்து விழுந்தது. நெஞ்சுப் பட்டை கையோடு வந்துவிட்டது. இருவரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். ஸ்க்ரூ விழுந்த இடத்தில் ஒரு துளை. ட்ரேவர் பட்டையை அதில் செருகினான். கச்சிதமாகப் பொருந்தியது.

"வாலு!" என்றான்.

பதினேழாவது திருப்பத்தில் தலை கீழே இறங்கியது. மேஜை மேல் ஒரு புலி நின்றது. சற்றே தலையைச் சாய்த்து, பாயப் போகிற புலி. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு மூளையை முனிகிருஷ்ணன் பார்த்ததில்லை. உடனே பேனாவை எடுத்து, 'மனிதர் செய்ததா என்று வியக்கிறேன்' என்று அறிக்கையில் எழுதினார்.

பிறகுதான் அதைத் திரும்ப ரோபோவாக்க வேண்டும் என்று நினைவு வந்தது.

காலை இழுத்தார். புலி உட்கார்ந்தது. இடுப்பை நிமிர்த்தினார். படுத்துக்கொண்டது. ட்ரேவர் மறுபடி சூடு காட்ட, அது வாயைத் திறந்தது. என்ன செய்தாலும் புலி மேலும் மேலும் புலியாகிக்கொண்டே போனது. முதலில் நின்ற புலியாகவாவது கொண்டுவந்து நிறுத்துவதற்குள் இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது.

மேடம் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார்.

"அய்யோ, எஷ்டு சென்னாகிதெ!" என்று அதன் அழகைக் கன்னடத்தில் வியந்தவர், அருகில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுவா ரோபோவா இருந்துச்சு? எங்க, மறுபடி மாத்திக் காட்டுங்க, பார்ப்போம்."

ட்ரேவர் தரையைப் பார்த்தான். முனிகிருஷ்ணன் எழுந்து நின்றார்.

"எனக்கு வரலை மேடம். அந்தப் பொண்ணு மூளைக்கு நான் எட்டலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் பேக்கிங்குக்குப் போயிடறேன். ஆனா எனக்குத் தெரியலைங்கறதுக்காக இந்த டிசைனை மட்டும் தள்ளிடாதீங்க. இது நம்ம கம்பெனிக்குக் கிடைச்ச வரம்."

மேடத்தின் கண்கள் கலங்கிவிட்டன. "யாரும் எங்கயும் போக வேணாம், உக்காருங்க. செஞ்சவளையே கேட்டாப் போச்சு." போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"கிருத்திகா, உன் புலியைப் பாத்து இங்க எல்லாரும் வாயைப் பொளந்துட்டு நிக்கிறோம்மா. இதைத் திரும்ப எப்படி ரோபோவா மாத்துறது?"



"மேடம், மாறுற பொம்மை இன்னும் என் டேபிள் மேலதான் இருக்கு. இன்னைக்கு அனுப்பினது பெயின்ட் கலர் பாக்கறதுக்கு மட்டும். அது எதுவாவும் மாறாதே!"